டாஸ் போதகரின் 116: உங்கள் டெலஸ்கோப் எதுவரை போகும் என்று நீங்களே சோதிப்பது எப்படி

டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "இது எத்தனை மடங்கு பெரிசாக்கும்?" என்பதுதான். பெட்டியின் மேலும் 525 மடங்கு, 675 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை நம்பி வாங்கி, இரண்டு வாரத்தில் பரண்மேல் ஏற்றியவர்களை எனக்குத் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு ஒளிப்புள்ளிகளை இந்தக் கருவி எதுவரை தனித்தனியாகக் காட்டும்?

அதற்கு ஒரு வரிக் கணக்கு இருக்கிறது. 116-ஐ உங்கள் டெலஸ்கோப்பின் முன்பக்க லென்ஸின் விட்டத்தால் (மில்லிமீட்டரில்) வகுங்கள். கண்ணாடி வைத்த கருவியென்றால் கண்ணாடியின் விட்டம். வருகிற விடை வில்விநாடிக் கணக்கு. முழுநிலவின் அகலத்தைச் சுமார் 1800 பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி. 60 மி.மீ. கருவிக்கு 1.93 வருகிறது, 80-க்கு 1.45, 130-க்கு 0.89, 200-க்கு 0.58.

இதை 'டாஸ் எல்லை' என்பார்கள். கணக்கைச் சொல்லிவிட்டு ஆளைப் பற்றிச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. அந்த ஆள் இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரிந்தால்தான், நம் வீட்டு மொட்டை மாடியில் அதையே திரும்பச் செய்ய முடியும் என்பது புரியும்.

வில்லியம் ரட்டர் டாஸ் 1799-இல் லண்டனில் பிறந்தவர். மகனை இங்கிலாந்துத் திருச்சபையில் குருவாக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அந்தச் சபையின் கொள்கைகள் சிலவற்றோடு மகனுக்கு ஒத்துப்போகவில்லை. வைத்தியம் படித்தார், வைத்தியம் பார்த்தார். 1826-இல் லிவர்பூல் பக்கம் போனவர், அங்கே சுயாதீன சபைக்காரர்களோடு (மேலதிகாரம் இல்லாமல் ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் பிரிவு) சேர்ந்து, ஓர்ம்ஸ்கர்க் என்ற சின்ன ஊரில் போதகராக அமர்ந்தார். நான் இருக்கும் நாகர்கோவில் பக்கம் பழைய எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சொசைட்டி) சபைகள் நிறைய. அந்த லண்டன் மிஷனை நடத்தியவர்களில் பெரும்பாலோர் இதே சுயாதீனப் பிரிவுக்காரர்கள்தான். ஆகவே டாஸ் எந்த மாதிரி ஆராதனை நடத்தியிருப்பார் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஓரளவு ஊகிக்க முடியும்: ஆடம்பரம் இல்லாத கோவில், நீண்ட பிரசங்கம்.

சின்ன வயதிலேயே அவருக்கு வானப் பைத்தியம். வானியலாளர் வில்லியம் ஹெர்ஷெலின் இரட்டை விண்மீன் (ஒட்டினாற்போல் தெரியும் ஜோடி) பட்டியலைக் கலைக்களஞ்சியத்திலிருந்து கையால் எழுதி எடுத்துக்கொண்டு, 1.6 அங்குல லென்ஸ் வைத்த சின்னக் கருவியைத் திறந்த ஜன்னல் வழியே நீட்டிப் பார்த்தவர். 1.6 அங்குலம் என்றால் 40 மி.மீ. இந்த 40-ஐ நினைவில் வையுங்கள், கீழே வேலைக்கு வரும்.

ஓர்ம்ஸ்கர்க்கில் டாலண்ட் கம்பெனி செய்த 3.8 அங்குலக் கருவி கிடைத்தது. உடம்பு ஒத்துழைக்காமல் போதக வேலையை விட்டுவிட்டு, 1839-இலிருந்து ஐந்து வருடம் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் ஜார்ஜ் பிஷப் என்ற செல்வந்தரின் தனியார் வானாய்வகத்தைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கென்ட்டில் சில வருடம். 1857-இல் ஹேடன்ஹம் கிராமத்துக்குப் போய், 1868-இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தார். ஆஸ்துமாவும் தலைவலியும் அவரை விடவே இல்லை. இதற்கிடையில் 1855-இல் ராயல் வானியல் சங்கத்தின் தங்கப் பதக்கம். 'கழுகுக் கண்' என்று பட்டப்பெயர் வேறு. அந்தக் கழுகுக் கண்காரருக்குக் கிட்டப்பார்வை. தெருவில் எதிரே வரும் மனைவியைக்கூட அடையாளம் தெரியாமல் கடந்து போய்விடுவார் என்று ஒரு கதை உண்டு.

சாவதற்கு முந்தின வருடம், 1867-இல், தன் இரட்டை விண்மீன் அளவுகளையெல்லாம் தொகுத்து அந்தச் சங்கத்தின் வெளியீட்டில் போட்டார். அதில்தான் இந்தக் கணக்கு வருகிறது. ஒரு அங்குல லென்ஸ், 4.56 விநாடி இடைவெளி உள்ள, ஒளியளவு 6 உள்ள (வெறுங்கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் மங்கல்) இரு சம விண்மீன்களை மட்டுமட்டாகப் பிரிக்கும். லென்ஸ் பெரிதாகப் பெரிதாக அந்த இடைவெளி அதே விகிதத்தில் சுருங்கும். 4.56-ஐ மில்லிமீட்டருக்கு மாற்றினால் 116. இது ஒளியியல் சமன்பாட்டிலிருந்து வந்த எண் கிடையாது. அவர் விதவிதமான விட்டங்களில், தூரம் ஏற்கெனவே நன்றாக அளக்கப்பட்ட இரட்டைகளைப் பார்த்துப் பார்த்து எடுத்த அனுபவ எண். கண்ணால் வந்த எண்ணைக் கண்ணால்தான் சோதிக்க வேண்டும்.

தேவையான சாமான்

டெலஸ்கோப் எதுவானாலும் சரி. நான் சொல்வதெல்லாம் என்னிடம் உள்ள 80 மி.மீ. லென்ஸ், 900 மி.மீ. குவியத்தூரம் உள்ள கருவியை வைத்து. உங்கள் கருவிக்கு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்) போட்டால், 900-ஐ 10-ஆல் வகுத்து, 90 மடங்கு, 6 மி.மீ. போட்டால் 150 மடங்கு. இந்த வேலைக்கு 150-தான் வேண்டும். காரணம் எளிது: கடைசியில் பார்க்கப்போகும் ஜோடியின் 1.8 விநாடி இடைவெளியை 90 மடங்கு பெருக்கினால் கண்ணுக்கு 2.7 நிமிடக் கோணமாகத்தான் (60 வில்விநாடி ஒரு நிமிடம்) போய்ச் சேரும். கூர்மையான கண்ணுக்கே அது இழுபறி. 150-இல் 4.5 நிமிடம், அது சௌகரியம். பொதுவாக, லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அதைப்போல் இரண்டு மடங்கு வரை போகலாம். அதற்கு மேல் போனால் மங்கலைத்தான் பெரிதாக்குவீர்கள். பெட்டியில் போட்ட 525-ஐ மறந்துவிடுங்கள்.

பிறகு கெட்டி அட்டை. கல்யாணப் பத்திரிகையின் பின்னட்டையே போதும். டெலஸ்கோப்பின் முன்வாய் மூடி அளவுக்கு நான்கு வட்டம் வெட்டி, நடுவில் காம்பஸ் வைத்து 60, 50, 40, 30 மி.மீ. விட்டத்தில் துளை போடுங்கள். துளையின் ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும். கத்தரிக்கோலைவிடப் புது பிளேடு நல்லது. உட்பக்கம் கறுப்பு மார்க்கர் அடித்துவிடுங்கள். கண்ணாடி வைத்த நியூட்டன் வகை என்றால் துளையை நடுவில் போடாதீர்கள், நடுவே சின்னக் கண்ணாடி மறைக்கும், ஓரமாகப் போடுங்கள்.

நோட்டு, பென்சில், மங்கலான சிவப்பு விளக்கு. அவ்வளவுதான். ஊர் வெளிச்சம் ஒரு பிரச்சினையே இல்லை. இரட்டை விண்மீன் பார்க்கத் தெருவிளக்கு தடையாக இருக்காது என்பதால்தான் நகரத்து ஆட்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன்.

எந்த இரவு?

இதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மழை விட்டு, காற்று சுழன்று, விண்மீன்கள் படபடவென்று கண்சிமிட்டும் இரவு பார்க்க அழகு. 150 மடங்கில் வைத்தால் புள்ளி கொதிக்கும். லேசான மூட்டம், காற்றே இல்லாத புழுக்கம், மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது என்று வீட்டில் புலம்புகிறார்களா? அன்றைக்கு மேலே ஏறுங்கள். எங்கள் பக்கம் வைகாசி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிடும். அப்போது நான் கருவியை வெளியே எடுப்பதே இல்லை. தை முதல் சித்திரை வரை எனக்கு அறுவடை.

கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயில் குடித்து இரவு பத்து மணிவரை சூட்டைக் கக்கும். சாயங்காலமே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலாகப் பார்க்காதீர்கள். கருவியை அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள்.

சோதித்துப் பார்க்க, தலைக்கு மேலே உள்ள நடுத்தர ஒளி விண்மீன் ஒன்றை 150 மடங்கில் கூர்மையாக்குங்கள். நல்ல இரவில் அது வெறும் புள்ளியாக இருக்காது. நடுவில் ஒரு குட்டி வட்டு, அதைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று தெரியும். அந்த வட்டு விண்மீனின் உண்மையான உருவம் இல்லை. லென்ஸ் வழியே ஒளி அலை வளைவதால் வருவது. ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1835-இலேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். இப்போது 40 மி.மீ. அட்டையைப் போடுங்கள். வட்டு கண்முன்னே இரண்டு மடங்கு அகலமாக ஊதும், வளையமும் விலகும். லென்ஸ் சின்னதானால் வட்டு பெரிது. இரண்டு விண்மீன்களின் வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் பிரிக்க முடியாது. டாஸ் எல்லை என்பது இதுதான், கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

படிப்படியாக இறங்குவது

நேராக எல்லைக்குப் போய் முட்டாதீர்கள். அகலமானதில் தொடங்குங்கள். சப்தரிஷியில் வசிட்டரும் அருந்ததியும் வெறுங்கண்ணுக்கே தெரியும். வசிட்டரை மட்டும் டெலஸ்கோப்பில் பார்த்தால் அவரே இரண்டு, 14 விநாடி இடைவெளி. இது எந்தக் கருவியிலும் பிரியும். அடுத்து புனர்பூசத்தின் காஸ்டர், சுமார் 5.5 விநாடி. சிம்மத்தில் மகத்துக்கு வடக்கே அல்ஜீபா, 4.7 விநாடி, இரண்டுமே பொன்னிறம். இதுவரை வேகமாகப் போகலாம்.

அடுத்தது போரிமா. இங்கே உட்காருங்கள். சித்திரை விண்மீனிலிருந்து சிம்மத்தின் வால் பக்கம் போகும் வழியில் இருக்கும், கன்னி ராசிக்காரி. இரண்டும் ஒரே ஒளி, ஆகவே டாஸ் கணக்குக்கு ஏற்ற ஜோடி. ஒன்றையொன்று சுற்றிவர 169 வருடம். 1836-இல், அதாவது டாஸ் ஓர்ம்ஸ்கர்க்கில் இருந்த காலத்தில், இவை மிக நெருங்கி, பெரிய கருவிகளிலும் ஒரே விண்மீனாகத் தெரிந்தன. 2005-இல் திரும்பவும் நெருங்கின. இப்போது விலகி, சுமார் 3.5 விநாடியில் நிற்கின்றன.

116-ஐ 3.5-ஆல் வகுத்தால் 33. அதாவது 33 மி.மீ. லென்ஸ் இதை மட்டுமட்டாகப் பிரிக்க வேண்டும். சரி, சோதியுங்கள். முழு 80-இல் இரண்டு வட்டுகள், நடுவில் நல்ல கறுப்பு. 50 அட்டையில் வட்டுகள் பருத்து, இடைவெளி ஒடுங்கும். 40-இல், அதாவது சின்ன டாஸ் ஜன்னலில் நீட்டிய அதே அளவில், இரண்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். 8 என்ற எண் போல இடுப்பு மட்டும் தெரியும். 30 அட்டையைப் போட்டதும் இடுப்பு மறைந்து நெல்மணி போல நீண்டுவிடும். முதன்முதலில் இது நடந்தபோது நான் அட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தேன். 150 வருடம் முந்திய ஒரு எண், நம் வீட்டுப் பத்திரிகை அட்டையில் அப்படியே வந்து நின்றது.

நோட்டில் மூன்றே சொல் வைத்துக்கொள்ளுங்கள்: பிரிந்தது, தொட்டது, நீண்டது. 'ஓரளவு', 'கிட்டத்தட்ட' எல்லாம் வேண்டாம். கூடவே, ஜோடி எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்று வரைந்துவிடுங்கள். மோட்டார் இருந்தால் நிறுத்துங்கள். விண்மீன் நகர்ந்து வெளியேறும் பக்கம் மேற்கு. டெலஸ்கோப்பின் பின்னால் மடக்குக் கண்ணாடி மாட்டியிருந்தால் காட்சி இடவலம் மாறியிருக்கும், அதையும் குறியுங்கள். போரிமாவின் கோணம் என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. முதலில் வரைந்துவிட்டு, பிறகு பட்டியலில் பாருங்கள். முன்கூட்டியே தெரிந்தால் கண் அங்கேதான் காட்டும்.

கண் செய்யும் இன்னொரு சேட்டையையும் டாஸ் பிடித்தார். தலையை எந்தக் கோணத்தில் வைத்திருக்கிறோமோ அதற்கேற்ப அளவு மாறுகிறது. நம் இரண்டு கண்ணையும் இணைக்கும் கோடு, ஜோடியை இணைக்கும் கோட்டுக்கு இணையாகவோ குறுக்காகவோ இருக்க வேண்டும் என்றார். சாய்வாகப் பார்க்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை வளைத்தால் முடிந்தது. உடம்பு நோகாமல் பார்ப்பவருக்குத்தான் நுணுக்கம் தெரியும்.

நல்ல லென்ஸை எப்படித் தேர்ந்தெடுத்தார்?

இது கொஞ்சம் கிளைக்கதை, ஆனால் கருவி வாங்கப்போகிறவர்களுக்கு உதவும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஆல்வன் கிளார்க் என்றொருவர் உருவப்படம் தீட்டிப் பிழைத்துக்கொண்டிருந்தார். லென்ஸ் தேய்ப்பதில் ஆர்வம். அவர் சொந்த ஊரில் சீந்துவாரில்லை. தான் தேய்த்த லென்ஸில் எந்தெந்த நெருக்கமான ஜோடி பிரிந்தது என்று டாஸுக்குக் கடிதம் எழுதினார். டாஸ் அந்த ஜோடிகளின் பட்டியலைப் பார்த்தே லென்ஸின் தரத்தைப் புரிந்துகொண்டார். வாங்கினார், திரும்ப வாங்கினார், மொத்தம் ஐந்து. 1842-இல் டாஸ் மறுமணம் செய்தது வசதியான ஒரு விதவையை. ஆகவே செலவுக்குக் கையிருப்பு இருந்தது. அதில் 8 அங்குல லென்ஸ் ஒன்று வில்லியம் ஹக்கின்ஸ் என்ற ஆங்கிலேய வானியலாளர் கைக்குப் போனது. அதைக்கொண்டுதான் 1864-இல் அவர் ஒரு நெபுலாவின் (வானத்தில் மேகம்போல் தெரிவது) ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அது வாயு என்று காட்டினார். கிளார்க் குடும்பம் பிற்பாடு யெர்க்ஸ் வானாய்வகத்தின் 40 அங்குல லென்ஸ் வரை போனது.

நீங்களும் பழைய கருவி வாங்கும்போது விற்பவரிடம் "நிலா நல்லா தெரியுமா?" என்று கேட்காதீர்கள். நிலா எதிலும் நன்றாகத்தான் தெரியும். 116 கணக்குப் போட்டு, அதற்குச் சற்றே மேலான ஒரு ஜோடியை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லையில்

80 மி.மீ. கருவிக்கு இரண்டு பரீட்சை. முதலாவது, வேகா என்ற அபிஜித் விண்மீனுக்குப் பக்கத்தில் எப்சிலன் லைரே. பைனாகுலரில் இரண்டாகத் தெரியும். 150 மடங்கில் அந்த இரண்டும் இரண்டிரண்டாகும், ஒவ்வொன்றும் 2.3 விநாடி சுமார். நான்கையும் ஒரே நேரத்தில் பிரித்துக் காட்டினால் உங்கள் லென்ஸில் குறை இல்லை.

இரண்டாவது டாஸின் சொந்தச் சொத்து: ஈட்டா ஓரியானிஸ். மிருகசீரிடத்துப் பக்கம் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களில் முதலில் உதிக்கும் முனையிலிருந்து ரீகலை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரம் வாருங்கள். அங்கே தனியாக ஒன்று இருக்கும். அதை இரட்டை என்று 1848-இல் கண்டவர் அவர்தான். பட்டியல்களில் இன்றும் அவர் பெயரின் முதலெழுத்தோடு 5 என்ற எண்ணில் இருக்கிறது. இடைவெளி 1.8 விநாடி. முழு 80-இல் பிரிய வேண்டும். ஒன்று மற்றதைவிட ஒரு படி மங்கல் என்பதால் கொஞ்சம் சிரமம். 60 அட்டையைப் போட்டால் நீண்டு நின்றுவிடும். தை மாத இரவு எட்டரை, ஒன்பது மணிக்கு நன்றாக மேலே இருக்கும்.

பிரியவில்லையா? முதலில் காற்றைச் சந்தேகியுங்கள், அப்புறம் கருவி ஆறியதா என்று பாருங்கள், கடைசியாகத்தான் லென்ஸை. அமைதியான இரவுகளிலும் போரிமாவே 50 அட்டையில் பிரியாவிட்டால் லென்ஸோ, அது குழாயில் நேராகப் பொருந்தியிருப்பதோ சரியில்லை. விற்றவரிடம் போங்கள்.

தெற்கே இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் விருந்து, ஆல்பா சென்டாரி. அதை இரட்டை என்று முதலில் எழுதி வைத்தவரும் ஒரு குருவானவர்தான். ழான் ரிஷோ என்ற யேசுசபைப் பாதிரியார், 1689 டிசம்பரில் புதுச்சேரியில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டார். 2016 வாக்கில் 4 விநாடியாக ஒடுங்கிய ஜோடி, அதற்குப் பிறகு விலகிக்கொண்டே வருகிறது. பங்குனி, சித்திரையில் எங்கள் ஊரில் தென்தொடுவானத்துக்கு மேலே சுமார் 21 பாகை உயரத்தைத் தாண்டாது. ஆனால் சின்னக் கருவிக்கே போதும்.

116-ஐ எதற்குப் பயன்படுத்தக் கூடாது?

கோடுகளுக்கு. சனியின் வளையத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும் காசினி இடைவெளியின் அகலம் சுமார் முக்கால் விநாடிதான். கணக்குப்படி 80 மி.மீ. கருவியில் தெரியக் கூடாது. வளையம் நன்றாகத் திறந்திருக்கும் ஆண்டுகளில் தெரிகிறது. நீண்ட கறுப்புக் கோட்டைப் பிடிப்பதில் கண் கெட்டி. இரண்டு புள்ளிகளுக்கு உள்ள எல்லை அதற்குப் பொருந்தாது. சனியின் மங்கலான உள்வளையத்தை 1850 நவம்பரில் டாஸ் தானாகவே கண்டார். ஹார்வர்டில் பாண்ட் ஒருசில நாள் முந்திக்கொண்டார். அந்த வளையத்தின் வழியே சனிக்கோளின் உடல் தெரிகிறது, அது ஊடுருவக்கூடியது என்று 1852-இல் பார்த்தவர்களில் ஒருவர் நம் சென்னை வானாய்வகத்தின் ஜேகப்.

ஒன்று பளிச், ஒன்று மங்கல் என்ற ஜோடிகளுக்கும் 116 உதவாது. கேட்டை நட்சத்திரமான அந்தாரிஸின் துணை சுமார் 2.7 விநாடி தள்ளி இருக்கிறது. கணக்குப்படி 50 மி.மீ. போதும். ஆனால் சிவப்புப் பெரியவரின் ஒளியில் அந்தச் சின்னது மூழ்கிப்போகிறது. 80-இல் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை, 150 மி.மீ. வைத்திருக்கும் நண்பருக்குக் கிடைத்திருக்கிறது. முயற்சி செய்வதென்றால் இருட்டும்வரை காத்திருக்காதீர்கள். பொழுது சாய்ந்து வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே கருவியைத் திருப்புங்கள். பின்னணி வெளிச்சமாக இருந்தால் அந்தாரிஸின் கூசல் அடங்கும்.